அளவு ஜாக்கெட்

(மேற்குத் தாம்பரத்தில் ஒரு வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தையல் கடைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தால் நாங்கள் முதலில் கேட்பது, "அளவு ஜாக்கெட் எடுத்துட்டு வந்திருக்கீங்களாம்மா?" என்றுதான். நன்றாகப் பொருந்தி, உடம்போடு பழகி, கைப்பட்டி கொஞ்சம் நைந்துபோன பழைய ஜாக்கெட் ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கும். அதை மஞ்சள் பையில் சுருட்டிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். "இதே மாதிரி தைச்சிடுங்க, கழுத்து மட்டும் அரை இன்ச் இறக்கிடுங்க" என்பார்கள். அந்தப் பழைய ஜாக்கெட்டுக்கு முன்னால் இன்னொரு ஜாக்கெட் இருந்திருக்கும். அதற்கும் முன்னால், வயதுக்கு வந்த புதிதில் அம்மாவோ அத்தையோ தையல் கடைக்குக் கூட்டிப்போய் எடுக்கவைத்த முதல் அளவு இருந்திருக்கும்.

2009ஆம் வருஷம், ஐப்பசி மழை. நான் கடை போட்டு ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பேன்ட் சட்டை போட்ட ஒருவர் வாசலில் நனைந்தபடி நின்றார். உள்ளே இரண்டு பெண்கள் ஃபால்ஸ் அடிக்கக் கொடுத்த சேலைகளை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகிறவரை அவர் படியேறவில்லை. போன பிறகு வந்து, பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு சேலையை எடுத்து மேசைமேல் வைத்தார். மயில்கழுத்து நிறம், ஒற்றை விரல் அகலத்துக்கு ஜரிகை. "ஜாக்கெட் பிட் இதுலயே இருக்கு, வெட்டித் தைக்கணும்" என்றார். வீட்டில் யாருக்கோ என்று எண்ணிக்கொண்டு, வாய் வழக்கத்தில் கேட்டேன்: "அளவு ஜாக்கெட்?"

"இல்லக்கா. எனக்குத்தான். இதுதான் முதல் ஜாக்கெட்."

இனி அவளை 'அவள்' என்றே சொல்கிறேன். என்னை அக்கா என்று கூப்பிட்டவள். தங்கையை 'அவர்' என்று சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அளவெடுத்தேன். ஷோல்டர் 16 இன்ச் வந்தது. அதுவரை என்னிடம் வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு 14, மிஞ்சினால் 14½. மேலுடம்பு நீளம், மார்பு தட்டை, கையின் மேல்சுற்று கெட்டி. ஜாக்கெட்டின் சூட்சுமம் டார்ட்டில் இருக்கிறது. தட்டையான துணியை உடம்பின் வளைவுக்குக் கொண்டுவருகிற மடிப்பு அது. அவளுக்கு அந்த டார்ட்டின் முனையை எங்கே நிறுத்துவது? அன்றைக்கு இருந்த உடம்புக்கா, வரப்போகிற உடம்புக்கா? யோசித்துப் பார்த்துவிட்டு அவளிடமே கேட்டேன். "கப் வெச்சுத் தைங்கக்கா. மாத்திரை ஆரம்பிச்சிருக்கேன். ஒரு வருஷத்துல மாறும்னு சொல்றாங்க" என்றாள்.

வழக்கமாகப் பக்கத் தையலில் ஓர் இன்ச் துணி உள்ளே விடுவேன். அவளுக்கு இரண்டு இன்ச் விட்டேன். அவள் கேட்டது பஃப் கை. அது தோளை இன்னும் அகலமாக்கும் என்று எடுத்துச் சொல்லி, முழங்கைவரை வரும் நேர்க்கை வைத்தேன். கை மூட்டுகிற இடத்தைத் தோளிலிருந்து அரை இன்ச் உள்ளே தள்ளினேன். கழுத்தைக் கீழே இறங்கும் வி ஆக வெட்டினேன். மூன்று தடவை பிரித்துத் தைத்த பிறகு பொருந்தியது. திரைக்குப் பின்னால் போட்டுப் பார்த்தவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. என்னவென்று பார்த்தால், கொக்கி மாட்டத் தெரியவில்லை. முதல் தடவை மாட்டுகிற விரலுக்கு அந்தப் பழக்கம் இருக்காது. ஐந்து கொக்கியையும் நான்தான் மாட்டிவிட்டேன். என் தங்கைக்கும் ஒருகாலத்தில் அப்படித்தான் மாட்டிவிட்டிருக்கிறேன்.

அதே வருஷம் ஜூன் 28ஆம் தேதி மெரினாவில் சென்னையின் முதல் வானவில் பேரணி நடந்தது என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அவளிடம் கேட்டேன், நீ போனாயா என்று. "போகலக்கா. கட்டிக்கிட்டுப் போக ஒண்ணும் இல்லையே" என்றாள்.

உடையும் பால் அடையாளமும் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்தபோது இந்த ஜாக்கெட்டைத்தான் நினைத்தேன். பத்திரிகைகளில் 'உங்களுக்கென்று ஒரு ஸ்டைல்' என்று எழுதுகிறார்கள். கண்ணாடி முன்னால் தனியாக நின்று ஒருவர் தன்னைக் கண்டுபிடித்துக்கொள்வார் என்பது போல அதில் ஒரு தொனி இருக்கிறது. என் மேசையில் நான் அப்படிப் பார்த்ததில்லை. உடுத்திக்கொள்ளும் தைரியம் ஆளுக்கு ஆள் கைமாறித்தான் வருகிறது. யாராவது ஒருவர் டேப்பை எடுத்து, முகம் சுளிக்காமல், இந்த உடம்பின் அளவு இது என்று நோட்டில் எழுதவேண்டியிருக்கிறது. வீட்டில் அம்மா செய்யாத இடத்தில் அதை வேறு யாரோ செய்தாகவேண்டும். தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர் போன்ற புறநகர்களில் பால்புதுமையினருடைய கூட்டு வாழ்க்கை என்று நான் கண்டதில் பெரும்பகுதி இதுதான்.

எனக்கு வெட்டக் கற்றுக்கொடுத்தவரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

1995இல் தாம்பரம் சானடோரியத்தில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஹெல்ப்பராகச் சேர்ந்தேன். அங்கேயுள்ள ஏற்றுமதி மண்டலம் 1984இல் வந்தது. நாங்கள் மெப்ஸ் என்போம். என்னைப் போல ஆயிரக்கணக்கான பெண்கள் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டிபன் பையுமாக மின்சார ரயிலில் வந்து இறங்குவோம். அதே பிளாட்பாரத்தில் இன்னொரு கூட்டமும் இறங்கும். சானடோரியம் என்ற பெயரே அங்கிருக்கும் ஆஸ்பத்திரியால் வந்தது. 1928இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து காசநோய்க்காரர்களுக்காகத் தொடங்கியது. 1937இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் கண்டறிந்தார்கள். 1993 முதல் அந்த நோயாளிகளையும் தாம்பரம் ஆஸ்பத்திரி சேர்த்துக்கொண்டது. எங்கெங்கிருந்தோ வந்தார்கள். மே மாத வெயிலில் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு இறங்குவார்கள். எங்கள் கூட்டமும் அவர்கள் கூட்டமும் ஒரே படியில் ஏறி இறங்கினோம். எங்கள் ஆட்கள் தோள் படாமல் ஒதுங்கி நடந்தார்கள். நானும் ஒதுங்கியிருக்கிறேன். அதை இன்று இந்தச் சபையில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கட்டிங் மாஸ்டர் வேலூர்ப் பக்கத்துக்காரர். கல்யாணம் ஆகாதவர். கட்டிங் மேசையில் மற்ற ஆண்கள் ஹெல்ப்பர் பெண்களை அதட்டுவார்கள். அவர் "வாம்மா, கத்திரியைப் பிடி" என்பார். துணிமேல் சாக்பீஸை வைக்கும் முன்னால், "ஆளை மனசுல நிறுத்து. அப்புறம் கோடு போடு" என்பார். ஏற்றுமதிச் சட்டைக்கு ஏது ஆள்? அளவு சீட்டுதான் வரும். ஆனாலும் ஓர் ஆளை நினைத்துக்கொண்டுதான் அவர் கை ஓடும். எல்லாரும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்த இடத்தில் அவர் மட்டும் வருஷம் முழுக்க ஷூவும் சாக்ஸும் போட்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை நகரத்துக்குப் போய்வருவார். திங்கட்கிழமை முகம் தெளிந்திருக்கும். எங்கே போகிறார் என்று நாங்கள் கேட்டதில்லை. 1998இல் சுனில் மேனன் என்பவர் சென்னையில் 'சகோதரன்' அமைப்பைத் தொடங்கினார். ஃபேஷன் ஷோக்களை மேடையேற்றுவது அவர் தொழில், மானுடவியல் படித்தவர். ஆண்களை நேசிக்கும் ஆண்களும் திருநங்கைகளும் வந்து உட்கார்ந்து பேசவும், நோயைப் பற்றிப் பயமில்லாமல் தெரிந்துகொள்ளவும் ஓர் இடம் வேண்டும் என்று தொடங்கியது அது. மாஸ்டர் வாயால் அந்தப் பெயரை நான் கேட்டதில்லை. அப்படி ஓர் இடம் அவருக்குக் கிடைத்திருக்கவேண்டும் என்று இன்றும் மனசு விரும்புகிறது.

2001இல் அவர் மெலிந்தார். விஷயம் தெரிந்ததும் கம்பெனியில் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்தான் ஆஸ்பத்திரி. மதிய இடைவேளையில் போய்ப் பார்த்தேன். போர்வை எட்டாமல் பாதம் வெளியே தெரிந்தது. நகங்களில் சிவப்புப் பூச்சு, பாதி உதிர்ந்து, பாதி மிச்சமிருந்தது. ஆறு வருஷம் அந்த ஷூவுக்குள் என்ன இருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. போர்வையை இழுத்து மூடப் போனேன். "இருக்கட்டும்மா" என்றார்.

எச்.ஐ.வி.க்கு அரசாங்கம் இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1ஆம் தேதி. நாட்டில் முதலில் கொடுத்த ஆஸ்பத்திரிகளில் எங்கள் தாம்பரமும் ஒன்று. மாஸ்டர் அதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே போய்விட்டார். அவர் கொடுத்த கத்திரி என்னிடம் இருக்கிறது. 2009இல் அந்த மயில்கழுத்துத் துணியை வெட்டியது அந்தக் கத்திரிதான்.

போன வருஷம் இதே வட்டத்தில் மணிமேகலை படித்தோமே, மலர்வனம் புக்க காதை, அதில் புகார் நகரத்து வீதி வருகிறது. மணிமேகலையும் சுதமதியும் பூப்பறிக்க வனத்துக்குப் போகிற வழியில் ஊர் ஜனம் எதையெதையோ நின்று வேடிக்கை பார்க்கிறது. அதில் ஒன்று பேடிக்கோலக் கூத்து. சாத்தனார் அந்தக் கோலத்தைத் தலைமுதல் அடிவரை சொல்லிக்கொண்டே போகிறார். சுருண்ட தாடி, கரிய கூந்தல், பவளம் போன்ற வாய், காதில் வெண்சங்குத் தோடு, சிறுத்த இடையில் வட்டுடை. வட்டுடை என்பது முழங்காலளவு உடை. நான் தையல்காரி, என் கண் அந்த வட்டுடையில் நின்றுவிட்டது. தோட்டையும் கூந்தலையும் சொன்ன புலவர் தாடியை மறைக்கவில்லை, முதலிலேயே சொல்கிறார். இன்று இன்ஸ்டாகிராமில் தாடியும் மூக்குத்தியுமாக, கண்ணுக்கு மை தீட்டிப் படம் போடும் பையன்களைப் பார்த்து, இதெல்லாம் எங்கிருந்து வந்த நாகரிகம் என்று கேட்கிறவர்கள் அந்தக் காதையைப் படிக்கவேண்டும். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலிலும் பேடு என்று ஓர் ஆடல் இருக்கிறது. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில், ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயரை உயர்திணையில் வைத்துத்தான் பேசுகிறார்.

பேடி, பேடு என்ற அந்தச் சொற்களை இன்று யாரையும் பார்த்துச் சொல்ல முடியாது. இடைப்பட்ட காலத்தில் அவை வசையாகிவிட்டன. திருநங்கை, திருநம்பி என்ற சொற்கள் வந்த பிறகுதான் என் கடை நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் தயங்காமல் எழுத முடிந்தது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், ஒன்றாக வாழ விரும்பிய இரண்டு பெண்கள் போட்ட வழக்கில், மனமாற்றச் சிகிச்சை என்ற பெயரில் நடக்கும் கொடுமையைத் தடுக்கச் சொன்னார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022இல் தமிழக அரசு மரியாதையான சொற்களின் பட்டியலை வெளியிட்டது. பேசுகிறவருக்குச் சொல் இருந்தால், கேட்கிறவருக்கு அளவெடுப்பது சுலபமாகிறது. இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

துணிக்கே வருகிறேன். என் அம்மா பிறந்தது அனகாபுத்தூர். பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் போகிற சாலையில், பம்மல் தாண்டி வருகிற ஊர். 2021 முதல் தாம்பரம் மாநகராட்சிக்குள் இருக்கிறது. தாத்தா வீட்டில் குழித்தறி இருந்தது. சென்னையைச் சுற்றியிருந்த நெசவு ஊர்களைப் போல அவர்களும் நெய்தது கட்டம் போட்ட துணி. வெளிநாட்டில் அதற்கு மெட்ராஸ் என்றே பெயர். நமக்கு அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் ஆண்களின் கைலி ஞாபகம் வரும். 1960களில் அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் அதைச் சட்டையாகவும் கோட்டாகவும் தைத்துப் போட்டார்கள். துவைக்கத் துவைக்கச் சாயம் இறங்குவதையே அழகு என்று விற்றார்கள். நைஜீரியாவில், நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அதை இஞ்ஜிரி என்று அழைத்தார்கள். ஆணும் பெண்ணும் இடுப்பில் சுற்றிக்கொண்டார்கள். பிள்ளையை முதுகில் கட்டிக்கொள்ளவும் அதுதான், இறந்தவர் வீட்டை அலங்கரிக்கவும் அதுதான்.

கலபாரிப் பெண்கள் அந்தத் துணியில் ஒரு வேலை செய்தார்கள். நெய்து வந்த கட்டத்தில் சில நூல்களை மட்டும் ஊசியால் தூக்கி, பிளேடால் அறுத்து, உருவி எடுத்துவிடுவார்கள். மிச்சமிருக்கும் நூலில் புதிய கோலம் ஒன்று எழுந்துவரும். அதற்கு பெலெட்டே பிட்டே என்று பெயர். அந்தத் துணியின் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. தறியில் உட்கார்ந்து தாத்தா போட்ட நூலை, கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண் எண்ணி எண்ணி எடுத்துத் தனதாக்கிக்கொண்டிருக்கிறாள். எதை எடுத்தால் துணி பிய்ந்துபோகும், எதை எடுத்தால் கோலம் வரும் என்று அவளுக்கு அவள் அம்மா சொல்லித்தந்திருப்பாள். என் கடைக்கு வருகிற பிள்ளைகள் செய்வதும் இந்த வேலைதான். வீடு கொடுத்த உடை இருக்கிறது. முழுவதையும் கிழித்துப்போட அவர்களால் முடியாது. ஒவ்வொரு நூலாக எடுக்கிறார்கள்.

1970களில் நைஜீரியா துணி இறக்குமதியைத் தடுத்ததும் அனகாபுத்தூர்த் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. தாத்தா வீட்டுத் தறியும் நின்றது. இன்று அங்கே சில குடும்பங்கள் வாழைநாரிலும் வேறு இயற்கை நாரிலும் நெய்கிறார்கள். அது தனியாக ஒருநாள் பேசவேண்டிய கதை.

உடையைச் சட்டமும் அளந்திருக்கிறது. 1871இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தில், வட இந்திய மாகாணங்களில் திருநர்களைப் பட்டியலிட்டு, பட்டியலில் இருப்பவர் பெண்ணுடையிலோ பெண்ணுக்குரிய நகையோடோ பொது வீதியில் நின்றால் பிடித்துச் சிறையில் போடலாம் என்று எழுதினார்கள். தண்டனை இரண்டு வருஷம் வரை. ஒரு சேலைக்கு இரண்டு வருஷம். 2014 ஏப்ரல் 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் திருநர் உரிமைக்கான நால்சா வழக்கில், தான் உணரும் பாலினத்தை உடையாலும் பேச்சாலும் நடத்தையாலும் வெளிப்படுத்துவது அரசியல் சாசனம் தரும் கருத்துரிமைக்குள் அடங்கும் என்றது. 2018 செப்டம்பர் 6ஆம் தேதி, ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் கெடுபிடியும் போனது. 1871க்கும் 2014க்கும் இடையில் 143 வருஷம். அந்த 2014 தீர்ப்பின் தமிழாக்கம் ஒன்றை அச்செடுத்து, கடையில் மிஷினுக்கு மேலே வெகுநாள் ஒட்டிவைத்திருந்தேன்.

ஆனாலும் நீதிமன்றம் சொன்னது தெருமுனைக்கு வந்து சேர நாளாகிறது. நகரத்துக்குள் இருப்பவர்களைவிடப் புறநகரில் இருப்பவர்களுக்கு இது கூடுதல் பாரம். இங்கே சொந்த வீடு, சொந்தத் தெரு, மாடியில் வத்தல் காயப்போடும்போது எதிர்வீட்டைப் பார்க்கும் கண்கள். ஆகவே பை. ஜூன் மாதம் எழும்பூர்ப் பக்கம் பேரணி இருக்கிறதென்றால், தாம்பரத்தில் ரயிலேறும் பிள்ளைகளின் தோள்பை உப்பியிருக்கும். ஏறும்போது சாதாரண டீ-ஷர்ட். உள்ளே மடித்துவைத்த பாவாடை, வளையல், லிப்ஸ்டிக். குரோம்பேட்டையும் மீனம்பாக்கமும் கிண்டியும் கடந்து, மாம்பலம் வரும்போது ஒருவர் கண்ணுக்கு இன்னொருவர் மை இழுத்துவிடுவார். வண்டி ஆடும், கோடு கோணும். எச்சில் தொட்டுத் துடைத்து மறுபடி இழுப்பார்கள். திரும்பும்போது அதே வரிசை தலைகீழாக. பல்லாவரம் வருவதற்குள் முகம் கழுவியாகவேண்டும். நான் இரண்டு வருஷம் அவர்களோடு போய்வந்தேன். இறங்குவதற்கு முன்னால் ஈரத்துணியால் முகம் துடைக்கிற அந்தப் பத்து நிமிஷம் யாரும் பேசிக்கொள்ளமாட்டார்கள்.

அந்தப் பேரணிக்குத் தமிழில் வானவில் சுயமரியாதைப் பேரணி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் இந்த ரயில் பாதைக்கு உரியது. 1929 பிப்ரவரியில் முதல் சுயமரியாதை மாநாடு நடந்தது இதே பாதையில் நமக்குத் தெற்கே இருக்கும் செங்கல்பட்டில். பெண்கள் தலைமயிரைக் குறைத்துக்கொண்டு ஆண்களைப் போல லுங்கியும் சட்டையும் போடட்டும் என்று பெரியார் சொன்னார். சுயமரியாதை இயக்கம் பேசியது சாதியையும் கல்யாணத்தையும் சொத்தையும் மட்டும் அல்ல, சட்டையையும் பேசியது.

இப்போது டிரெண்டு என்று சொல்வதெல்லாம் என் கடைக்கும் வருகிறது. தோள் இறங்கிய பெரிய சட்டை, பேக்கி பேன்ட், ஒரே துணியில் மேலும் கீழும். ஆண் பெண் இருவருக்கும் பொது என்று விற்கிறார்கள். பையன்கள் காதில் போடும் சின்னக் கடுக்கன் அவர்கள் கொள்ளுத்தாத்தா படத்தில் இருக்கும். ஜூன் மாதம் பெரிய கடைகளில் வானவில் அச்சிட்ட டீ-ஷர்ட் தொங்குகிறது. இந்தப் பெரிய சட்டை டிரெண்டை நான் மனதார வரவேற்கிறேன். உடம்பைச் சொல்லாத உடை வேண்டும் என்று ஏங்கியிருந்த பல பிள்ளைகளுக்கு, வீட்டில் கேள்வி வராமல் போட்டுக்கொள்ள ஒரு வழி கிடைத்தது. ஏன் இப்படித் தொளதொளவென்று என்று அம்மா கேட்டால், இதுதான்மா ஃபேஷன் என்று சொல்லிவிடலாம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய துணிக் குவியலில் தேடியெடுத்து என்னிடம் பிரித்துப் பிடிக்கக் கொண்டுவருவார்கள். கையில் காசு குறைவு. கண் மட்டும் கூர்மை.

ஆனால் பொது என்று விற்கும் சட்டை எல்லாருக்கும் போதாது. 2022இல் பெருங்களத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். கூரியர் கம்பெனியில் வேலை, திருநம்பி. ஆண்கள் சட்டை வாங்கினால் தோளுக்குச் சரியாக இருப்பது இடுப்பில் பட்டன் இழுக்கிறது. இடுப்புக்கு வாங்கினால் தோள் தொங்குகிறது. தைக்க எடுப்பதற்கு முன்னால் ஒரு பெரிய துணிக்கடைக்கு நானும் அவரோடு போய்ப் பார்த்தேன். டிரையல் ரூம் வாசலில் நின்ற பெண், ஆண்கள் பக்கம் விடமாட்டேன் என்றாள். பெண்கள் பக்கம் போக இவருக்கு மனமில்லை. கையிலிருந்த மூன்று சட்டையையும் கவுண்டரில் வைத்துவிட்டு வெளியே வந்தோம்.

அவருக்கு நானே தைத்தேன். டார்ட் கிடையாது. பின்னால் யோக் வைத்து அங்கிருந்து நேராக இறக்கினேன். பக்கவாட்டில் இரண்டு இன்ச் வெட்டு விட்டேன், இடுப்பில் இழுக்காது. மார்பில் இரண்டு பக்கமும் மூடி வைத்த பாக்கெட். துணி இரட்டையாக நிற்கும், தட்டையாகத் தெரியும். துணி, கட்டம் போட்ட காட்டன். கட்டம் கண்ணை ஒரே இடத்தில் நிற்கவிடாது. எல்லாம் முடிந்து காஜா போட உட்கார்ந்தபோது எழுந்து வந்தார். "அக்கா, பட்டன் வலது பக்கம்தானே?"

ஆண்கள் சட்டையில் பட்டன் போடுகிறவரின் வலப்பக்கம் வரும், பெண்கள் சட்டையில் இடப்பக்கம். நிறையப் பேர் வாழ்நாள் முழுக்க அதைக் கவனித்திருக்கமாட்டார்கள். அவர் சின்ன வயதிலிருந்து தினமும் காலையில் கவனித்திருக்கிறார். வலது பக்கம்தான் தம்பி என்றேன். போட்டு, கழுத்துவரை பட்டனை மாட்டி, மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, இன்னொரு தடவை மேலிருந்து கீழே மாட்டிப் பார்த்தார்.

2009இல் வந்தவளுக்கு இப்போது வயது நாற்பதை நெருங்குகிறது. திருநங்கைகளின் ஜமாத்தில் அவளுக்கு ஓர் அம்மா உண்டு. நிர்வாணம் என்கிற அறுவைச் சிகிச்சை முடிந்து நாற்பதாம் நாள் பால் ஊற்றும் சடங்குக்குப் புதுச்சேலைக்கு ஜாக்கெட் தைத்துக்கொடுத்தது நான்தான். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், கல்யாணம் ஒன்றுதான் குடும்பத்துக்கு வழி என்பதில்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று சொன்னது. அந்தச் செய்தியை அவளுக்குப் படித்துக்காட்டினேன். "நமக்கு எப்பவும் அப்படித்தானேக்கா" என்றாள்.

இந்த ஆடி மாதம் அவள் கடைக்கு வந்தாள். கூட ஒரு சின்னப் பெண், பத்தொன்பது வயதிருக்கும், பேன்ட் சட்டையில். வாசற்படியில் நின்றாள். "என் மக. உள்ள வாடி, அக்காதான்" என்று கையைப் பிடித்து இழுத்துவந்தாள். கவரில் சேலை இருந்தது. நான் வாயைத் திறக்கும் முன்னால் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். மயில்கழுத்து நிறம் வெளுத்திருந்தது. பக்கத் தையல் இரண்டு தடவை பிரித்து விட்ட தடம். கொக்கி ஒன்று மாற்றியது.

"அளவு ஜாக்கெட் கொண்டாந்திருக்கேன்க்கா."

அந்தப் பெண்ணுக்குத் தோள் ஒடுக்கம். பார்த்ததுமே தெரிந்தது, 14 தாண்டாது. அந்த ஜாக்கெட் எந்தப் பக்கமும் பொருந்தாது. அதை வாங்கி, மேசைமேல் விரித்து, கையால் நீவிவிட்டேன். பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு டேப்பை எடுத்தேன்.